வரிசையில் வரும் ஸ்வரங்கள்

பழைய மின்சாதனங்கள் விற்கும் கடை ஒன்றில் சில வருடங்களுக்கு முன் ஒரு சவுண்ட் மாட்யூல் வாங்கினேன். ஜப்பானில் தயாரானது, 1990-களின் சரக்கு. கீபோர்டிலிருந்து கட்டைகளைக் கழற்றிவிட்டு, ஒலி எழுப்பும் பாகத்தை மட்டும் ஒரு பெட்டிக்குள் அடைத்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் சவுண்ட் மாட்யூல். தானாக வாசிக்காது. 'இதை வாசி' என்று யாராவது சொல்ல வேண்டும். வீட்டில் தூசி படிந்து கிடந்த டெஸ்க்டாப்பின் சீரியல் போர்ட்டில் அதைச் செருகி, ஒரு பாட்டுக் கோப்பை ஓடவிட்டேன். சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கோ உச்சியில் ஒரு கீச்சு. மறுபடி மௌனம்.

குற்றவாளி பின்பக்கம் இருந்தான். நகத்தால் தள்ளக்கூடிய சின்ன ஸ்விட்ச், நான்கு நிலைகள்: மிடி, பிசி-1, பிசி-2, மேக். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் பிசி-1-இல் விட்டுப் போயிருந்தார். ஒரு படி தள்ளி பிசி-2-க்குக் கொண்டுவந்தேன். டிரம்ஸ், பேஸ் கிடார், பியானோ, வயலின் கூட்டம் எல்லாம் ஒரேயடியாக எழுந்தன.

அந்த ஒரு படியில் அப்படி என்ன இருக்கிறது? கணினியிலிருந்து ஒற்றைக் கம்பியில் போகும் செய்தி, அந்தப் பக்கம் எப்படி ஒரு முழு வாத்தியக் குழுவாகிறது? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொன்றாகத்தான் வரும்

தமிழில் சீரியல் என்றால் மாலையானால் வீட்டை ஆளுவது. கதையை ஒரே நாளில் சொல்லி முடிக்காது. துண்டு துண்டாகத்தான் தரும். சீரியல் போர்ட்டுக்கும் அதே குணம். எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டை எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒரே கம்பியில் ஒரு பிட்டுக்குப் பின் இன்னொரு பிட்டாக அனுப்புகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 'இதோ வருகிறேன்' என்று ஒரு தொடக்க பிட், பின்னால் 'முடிந்தது' என்று ஒரு முடிவு பிட். ஆகப் பத்து.

கணினியின் முதுகில் நாம் பார்த்த ஒன்பது ஊசிப் போர்ட்டின் விதிமுறை ஆர்எஸ்-232. அது 1960-இல் அமெரிக்காவில் வெளியானது. டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைப்பதுதான் அதன் வேலை. இசை அதன் கனவிலும் இல்லை. ஒன்பது ஊசிகளில் செய்தியை அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. மற்றவை தரைக் கம்பியும் 'நீ தயாரா, நான் தயார்' என்ற சைகைகளும். அந்த முனையில் ஒரு கருவி, இந்த முனையில் ஒரு கணினி, அவ்வளவுதான். பல கருவிகளை ஒரே போர்ட்டில் கட்டிப்போடும் வசதி அதில் இல்லை.

வேகமும் குறைவு. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியை எண்ணாக மாற்றினால், விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு: மொத்தம் விநாடிக்கு 14,11,200 பிட். அன்றைய பிசியின் சீரியல் போர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் விநாடிக்கு 1,15,200 பிட்டைத் தாண்டாது. என் மாட்யூல் கேட்ட வேகம் 38,400. அந்த வேகத்தில் நாலு நிமிடப் பாட்டு ஒன்றை ஒலியாக அனுப்பினால், போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் என் அறையில் பாட்டு அந்தந்த நொடியே கேட்டது. காரணம், கம்பி வழியாக ஒலி போகவே இல்லை. போனது ஆணை.

மூன்று எண்ணில் ஒரு ஸ்வரம்

144, 60, 100. இது ஒரு முழு வாக்கியம். 144 என்றால் 'முதல் சேனலில் ஒரு ஸ்வரத்தைத் தொடங்கு'. 60 என்றால் பியானோவின் நடு சி. 100 என்றால் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தியது, 127 உச்சம். விரலை எடுத்ததும் 'நிறுத்து' என்று இன்னொரு மூன்று எண் போகும். ஒலியின் குணம், கார்வை, எதிரொலி எல்லாம் மாட்யூலின் பொறுப்பு. ஸ்வரம் எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பாடுவதை வித்துவானிடம் விட்டுவிடுவதைப் போல.

இந்த மொழிக்குப் பெயர் மிடி. 1980-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் சிந்தசைசரும் தனித்தனி பாஷை பேசியது. ஒரு நிறுவனத்தின் கீபோர்டால் இன்னொரு நிறுவனத்தின் கருவியை வாசிக்க முடியாது. 1981-இல் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககெஹாஷி, ஒரு பொது மொழி வேண்டும் என்று அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர்களிடம் பேச்சைத் தொடங்கினார். சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் அதே வருடம் அதற்கான வரைவை ஒலிப் பொறியாளர்கள் கூடிய மாநாட்டில் முன்வைத்தார். 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் ப்ராஃபட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் அழுத்த மற்றது பாடியது. போட்டிக் கம்பெனிகளின் கருவிகள் பேசிக்கொண்ட அந்த மொழிக்கு யாரும் உரிமத் தொகை கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 2013-இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

நம் ஊரும் அதிகம் தாமதிக்கவில்லை. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். ஆணைகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு, நேரம் தவறாமல் கருவிகளுக்கு அனுப்பும் பொறிதான் சீக்வென்சர்.

ஸ்விட்சின் கணக்கு

மிடியும் ஒரு சீரியல் இணைப்புதான். வேகம் விநாடிக்கு 31,250 பிட். இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? அன்றைய சில்லுகளுக்கு 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் எளிதாகக் கிடைத்தது. பத்து லட்சத்தை 32-ஆல் வகுத்தால் 31,250, மீதியில்லாமல். ஒரு பிட்டுக்குச் சரியாக 32 மைக்ரோ விநாடி.

பிசியின் சீரியல் போர்ட் வேறு பரம்பரை. அதன் படிகம் 1.8432 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். 300, 1,200, 9,600 என்ற மோடம் காலத்து வேகங்களுக்கெல்லாம் மீதியில்லாமல் வகுபடுகிற எண் அது. 16-ஆல் வகுத்தால் 1,15,200. அதை மேற்கொண்டு முழு எண்ணால்தான் வகுக்க முடியும். மூன்றால் வகுத்தால் 38,400. நான்கால் வகுத்தால் 28,800. மிடிக்கு வேண்டிய 31,250 இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எந்த முழு எண்ணும் அங்கே கொண்டுபோய் விடாது.

மாட்யூல் செய்தவர்கள்தான் விட்டுக்கொடுத்தார்கள். யமஹா, ரோலண்ட் பெட்டிகளில் கணினிக்கென்று தனியாக ஒரு எட்டு ஊசித் துளையும், பக்கத்தில் இந்த ஸ்விட்சும் வந்தன. பிசி-2 என்றால் 38,400. ஐபிஎம் வகைப் பிசிகளுக்கு. பிசி-1 என்றால் 31,250. ஜப்பானில் பரவலாக இருந்த என்இசி கணினிகளுக்கு. மேக் நிலையில் வேகம் அதே 31,250. கடிகாரத் துடிப்பையும் மாட்யூலே கொடுக்கும். மிடி என்றால் கணினியை மறந்துவிட்டு மிடி கேபிளைக் கவனி என்று பொருள்.

அந்தக் கீச்சு எப்படி வந்தது என்று பின்னர் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கணினி 38,400-இல் அனுப்புகிறது. ஒரு பிட்டுக்கு 26 மைக்ரோ விநாடி. மாட்யூல் 31,250-இல் கேட்கிறது. 32 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும், அதுவும் ஒவ்வொரு பிட்டின் நடுவில் என்று நினைத்துக்கொண்டு. நடு சி-யின் எண் 60. கம்பியில் அது சிறிய பிட் முதலில் வருமாறு 0, 0, 1, 1, 1, 1, 0, 0 என்று போகும். மாட்யூல் முதல் பிட்டைச் சரியாகப் பிடிக்கிறது. இரண்டாவதைப் பார்க்க வரும்போது அது கடந்துபோய், மூன்றாவது நிற்கிறது. அதற்கப்புறம் பஸ்ஸைத் தவறவிட்டவன் கதைதான். ஏழாவது பிட் என்று அது படிப்பது உண்மையில் முடிவு பிட். எட்டாவது என்று படிப்பது அடுத்த பைட்டின் தொடக்க பிட். அனுப்பியது 60, வாசித்தது 94. நடு சி இரண்டு ஸ்தாயிக்கு மேலே, முப்பத்து நான்கு கட்டை தள்ளிப் போய்விட்டது. இது ஒரு பைட்டை மட்டும் பிரித்துப் பார்த்த கணக்கு. முழுப் பாட்டும் இப்படிக் குழம்பும்போது பெரும்பாலான வாக்கியங்கள் வாக்கியமாகவே தேறாது. மௌனத்துக்கு அதுவே காரணம்.

'ஒரே நேரம்' என்பது என்ன?

வரிசையில்தான் எல்லாம் வரும் என்றால், பத்து விரலாலும் அழுத்தும் ஒரு கார்டு எப்படி ஒன்றாகக் கேட்கிறது?

கேட்கிறது, ஆனால் ஒன்றாக வருவதில்லை. மிடி வேகத்தில் ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோ விநாடி. மூன்று பைட் ஸ்வரம் ஒன்றுக்கு 960. ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. பத்து ஸ்வரமும் போய்ச் சேர 9.6 மில்லி விநாடி. இதில் ஒரு சிக்கனம் உண்டு. தொடர்ந்து ஒரே வகை ஆணையாக இருந்தால் முதல் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. '144' என்று ஒருமுறை சொன்னால் போதும். 30 பைட் 21 ஆகும், நேரம் 6.72 மில்லி விநாடியாகக் குறையும். பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் 'சாம்பார்' என்று அறிவிக்காமல், வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும் அல்லவா?

ஏழு மில்லி விநாடி தாமதம் காதுக்குத் தெரியாதா? காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி விநாடி எடுக்கிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் இரண்டு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்தால், ஒருவர் ஒலி மற்றவரை அடைய ஆறு மில்லி விநாடி ஆகிவிடுகிறது. தாளம் தவறியது என்று யாரும் சண்டை போடுவதில்லை. 'ஒரே நேரம்' என்று நாம் சொல்வது எப்போதுமே கொஞ்சம் நெகிழ்ந்த நேரம்தான். அந்த நெகிழ்வுக்குள் வரிசையை ஒளித்துவைத்ததுதான் மிடியின் சாமர்த்தியம்.

நெகிழ்வுக்கும் எல்லை உண்டு. முதல் தட்டில் பதினாறு வாத்தியமும் சேர்ந்து இறங்கும்போது, கடைசியில் நிற்பவருக்கு 15 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாகும். வயலின் மெதுவாக எழும்பும் ஒலி, சமாளித்துவிடும். டிரம்ஸ் அப்படியல்ல, தட்டியது தட்டிய இடத்தில் விழ வேண்டும். அதனால் சீக்வென்சரில் வேலை செய்கிறவர்கள் டிரம்ஸ் டிராக்கை வரிசையின் முன்னால் வைப்பார்கள். தாளத் துடிப்புக்கு மிடியிலேயே தனிச் சலுகை இருக்கிறது. ஒரு கால் நோட்டுக்கு 24 முறை போகும் 248 என்ற ஒற்றை பைட், மற்ற வாக்கியங்களின் நடுவிலேகூடப் புகுந்து போகலாம். நெரிசலிலும் ஆம்புலன்சுக்கு வழிவிடுவதைப் போல.

பேர் கூப்பிட்டால் எழுந்திரு

இப்போது பல கருவிகளின் கேள்வி. ஆர்எஸ்-232 ஒருவரோடு மட்டுமே பேசும் என்று பார்த்தோம். கணினி மாட்யூலிடம் பேசுகிறது. மாட்யூல் தன் மிடி துளை வழியாக அடுத்த கீபோர்டுக்கு அதைக் கடத்துகிறது. அந்தக் கீபோர்டின் 'த்ரூ' துளையிலிருந்து அடுத்ததற்கு. எல்லாருக்கும் எல்லாச் செய்தியும் போகிறது. யாருக்கு எது என்பதை முதல் எண் சொல்லும். 144 என்றால் முதல் சேனல், 145 இரண்டாவது, 159 பதினாறாவது. ரேஷன் கடையில் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கும் எல்லார் காதிலும் விழும், அந்தப் பெயருக்குரியவர் மட்டும் பையை எடுத்துக்கொண்டு வருவார். அதே ஏற்பாடு.

சங்கிலியை இஷ்டத்துக்கு நீட்டக் கூடாது. மிடி கருவியின் நுழைவாயிலில் ஒரு ஒளி இணைப்பான் உட்கார்ந்திருக்கும். கேபிளில் வரும் 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் உள்ளே ஒரு சின்ன எல்இடி-யை ஏற்றி அணைக்கும். எதிரே உள்ள ஒளி உணரி அதைப் பார்த்துச் செய்தியைப் படிக்கும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே மின் தொடர்பு கிடையாது, வெளிச்சம்தான் தொடர்பு. ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் அந்த 'ம்ம்ம்' ரீங்காரம் கேபிள் வழியாகப் புகாமல் இருப்பது இதனால்தான். ஆனால் ஒவ்வொரு ஒளி இணைப்பானும் பிட்டின் ஓரங்களைக் கொஞ்சம் மழுக்கும். மூன்று நான்கு கருவி தாண்டினால் வடிவம் சிதைய ஆரம்பிக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் சங்கிலியை விட்டு, ஒன்று உள்ளே பல வெளியே என்று கிளை பிரிக்கும் 'த்ரூ பாக்ஸ்' போட வேண்டும்.

பதினாறு சேனல் போதாதவர்களுக்கு? மிடியின் அகராதியில் 245 என்ற எண்ணுக்குப் பொருள் எதுவும் ஒதுக்கப்படாமல் இருந்தது. சீரியல் போர்ட்டுக்கான டிரைவர் மென்பொருள்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. '245, 1' என்றால் இனி வருவதெல்லாம் முதல் தெருவுக்கு. '245, 2' என்றால் இரண்டாவது தெருவுக்கு. தெருவுக்குப் பதினாறு வீடு, ஆக 32 சேனல். முகவரி இரட்டித்ததே தவிர, சாலை இரட்டிக்கவில்லை. விநாடிக்கு 3,125 பைட் போன இடத்தில் 38,400 வேகம் 3,840 பைட்டை அனுமதித்தது. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். மார்கழி மாதத்து மயிலாப்பூர் மாடவீதியை இரண்டடி அகலப்படுத்தினால் எவ்வளவு உதவுமோ அவ்வளவு.

தொங்கிப்போன ஸ்வரம்

வரிசையில் ஒருவர் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பழைய பிசிகள் காட்டித்தந்தன. ஆரம்பகாலப் பிசிகளின் சீரியல் சில்லுக்கு, வந்த பைட்டில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள இடமிருந்தது. 38,400 வேகத்தில் 260 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வந்துகொண்டிருக்கும். கீபோர்டில் வாசிப்பதைக் கணினியில் பதிவு செய்யும்போது, பிராசசர் அந்த நேரம் திரையையோ ஹார்ட் டிஸ்க்கையோ கவனிக்கப் போய்விட்டால், புதிதாக வருவது பழையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். தொலைந்த பைட் 'தொடங்கு' என்பதைச் சேர்ந்ததாக இருந்தால் ஒரு ஸ்வரம் குறையும், அவ்வளவுதான். 'நிறுத்து' என்பதைச் சேர்ந்ததாக இருந்தால் ஸ்வரம் நிற்கவே நிற்காது. ஆர்கன் ஒலியாக இருந்தால் ஸ்விட்சை அணைக்கும்வரை அழுதுகொண்டே இருக்கும். 'நோட் தொங்கிடுச்சு' என்று கீபோர்டுக்காரர்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும் நிறுத்து என்று ஒரே அடியாகச் சொல்ல 123 என்ற கட்டுப்பாட்டு எண்ணும், அதை அனுப்ப 'பேனிக்' என்ற பொத்தானும் வந்தன. 16 பைட் வரை வரிசையில் நிறுத்திவைக்கும் 16550 வகைச் சில்லு பரவிய பிறகுதான் இந்த அழுகை குறைந்தது.

நம் இசைக்கு இந்த மொழி வைத்த வம்பு வேறு. மிடிக்கு ஸ்வரம் என்பது ஒரு எண், ஒரு கட்டை. தோடியின் காந்தாரம் எந்தக் கட்டையில் நிற்கிறது? கமகத்தைச் சொல்ல மிடியிடம் இருப்பது 'பிட்ச் பெண்ட்' என்ற ஆணை. 16,384 படிகள் உண்டு என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று பைட். விநாடிக்கு ஆயிரம் நகர்வு அனுப்பினால் சாலை நிறைந்துவிடும். பக்க வாத்தியத்துக்கு இடமிருக்காது. தவிர, ஆணை சேனல் முழுவதற்கும் பொருந்தும். மேலே ஒரு ஸ்வரத்தை அசைத்தால் கீழே பிடித்திருக்கும் சுருதியும் சேர்ந்து ஆடும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தனிச் சேனல் கொடுத்து இதைத் தீர்க்கும் விதிமுறை 2018-இல்தான் ஏற்கப்பட்டது. 1991-இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் 105-ஆவதாக சிதார் இருக்கிறது, 112-ஆவதாக ஷெனாய் இருக்கிறது. வீணையும் நாதஸ்வரமும் இல்லை.

சீரியல் போர்ட் கணினியின் முதுகிலிருந்து மறைந்துவிட்டது. அது கற்றுத்தந்த பாடம் மறையவில்லை. யுஎஸ்பி வழியாகப் போகும் மிடி செய்தி நான்கு பைட் பொட்டலமாகப் போகிறது. முதல் பைட்டில் பாதி, எந்தத் தெரு என்பதைச் சொல்லும் கேபிள் எண். பதினாறு தெரு, தெருவுக்குப் பதினாறு சேனல். 245 என்ற பழைய தந்திரத்துக்கு முறையான பட்டா கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

என் மாட்யூல் இன்னும் மேசையில் இருக்கிறது. டெஸ்க்டாப் செத்துவிட்டது, இப்போது கைக்கு அடக்கமான ஒரு ஆர்டுயினோ பலகைதான் அதற்கு ஆணையிடுகிறது. அதன் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். 16-ஆல் வகுத்து, மறுபடி 32-ஆல் வகுத்தால் 31,250, மீதி பூஜ்யம். பிசியால் கடைசிவரை போட முடியாத கணக்கை இந்தச் சின்னப் பலகை போட்டுவிடுகிறது. ஐந்து ஊசி மிடி கேபிளில் இணைத்து, ஸ்விட்சை மிடி நிலைக்குத் தள்ளியிருக்கிறேன். மறுபடி யார் கையும் பட்டு நகராமல் இருக்க, அதன் மேல் ஒரு துண்டு செலோ டேப்.